மூன்றாம் மெஷினின் இடது கால்

ஜனவரி 9

அன்புள்ள செக்கரம்மாவுக்கு,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் வந்து சேர்ந்துவிட்டதாக அக்கா சொன்னாள். பிரிக்காமல் அலமாரியில் துவைத்த துண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறாயாம். உன் எண்ணுக்கு ஃபோன் செய்தால் ஒரு பெண் நீ வேறு அழைப்பில் இருப்பதாகச் சொல்கிறாள். மூன்று மாதமாக ஒரே அழைப்பா என்று கேட்டால் அவள் பதில் சொல்வதில்லை. அதனால் மறுபடியும் தாளும் பேனாவும்.

நீ செக்கராகக் குடை பரிசோதித்த, நான் மெஷின் பார்த்த நம் குடைத் தொழிற்சாலையை மூடி இருநூற்றுப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிய முதலாளிக்கு, பன்னிரண்டு மெஷின்களை மட்டும் அப்படி அனுப்ப மனம் வரவில்லை. கடல் தாண்டி இங்கே அனுப்பினார். கூடவே அவற்றை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு ஃபிட்டர் வேண்டும் என்றார்கள். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் கேட்காமல் போட்டேன். முதல் மூன்று கடிதங்களில் இதைத்தான் சுற்றி வளைத்து எழுதியிருந்தேன். ஆகவே அவற்றைப் பிரிக்காததால் உனக்குப் பெரிய நஷ்டமில்லை.

துறைமுகத்தில் மெஷின்களை ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. குடை, குடையின் பாகங்கள், குடை செய்யும் இயந்திரம் எல்லாம் வரியில்லாமல் தடையில்லாமல் போய்வரலாம். எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அந்த ஒப்பந்தம் நானூறு பக்கமாம். மரப்பிடி தனி, பிளாஸ்டிக் பிடி தனி என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மனைவிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

தங்குவது எட்டுப் பேர் அறை. எனக்கு மேல் கட்டில். ஜன்னலில் துறைமுகம் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கப்பல் உன் பக்கம் கிளம்புகிறது. நான் கைகாட்டுவதில்லை, அறையில் சிரிப்பார்கள். ஆனால் அது வளைவு திரும்பி மறையும்வரை சட்டை மாற்றாமல் நிற்கிறேன்.

ஒரு வரி போதும். திட்டியே எழுது.

உன் ஃபிட்டர்


மார்ச் 4

ஃபிட்டர் அவர்களுக்கு,

இது குடும்பக் கடிதம் அல்ல, தரப் புகார். நான்காவது கடிதத்தை மட்டும் பிரித்தேன். கத்தரி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி முதல் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுக் குடைகளை இறக்கி விற்கும் கம்பெனியில் பரிசோதகர். கம்பெனியின் கிடங்கு எங்கே என்று கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன்: நம் பழைய தொழிற்சாலைதான். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. நாம் குடை செய்த இடத்தில் இப்போது நீங்கள் செய்து அனுப்பும் குடையைப் பிரித்துப் பார்க்கிறோம். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். குளிர்சாதனம் வேறு இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

போன வாரம் உங்கள் முதல் சரக்கு வந்தது. நாற்பதாயிரம் குடை. என் வழக்கப்படி மூன்று முறை விரித்து மூன்று முறை மடக்கிப் பார்த்தேன். முதல் குடை இடது பக்கம் சாய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. நூறு குடை எடுத்தேன். நூறும் ஏதோ ரகசியம் கேட்பதுபோல ஒரே பக்கம் தலையைச் சாய்த்து நின்றன.

காரணம் தெரிய எனக்கு அரைமணி நேரம் ஆனது. என் மேஜை மூன்றாம் மெஷின் நின்ற இடத்தில் இருக்கிறது. பேனாவை வைத்தால் உருண்டு சுவர்ப்பக்கம் போகிறது. அந்த இடத்தில் தரை சரிவு என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்காகத்தான் கம்பிகளில் ரிவெட் ஆணி அடிக்கும் மூன்றாம் மெஷினின் இடது காலுக்கு அடியில் பதினாறு வருடமாகத் தகரத் துண்டு வைத்திருந்தீர்கள்.

அதை அங்கேயும் கொண்டுபோய் வைத்தீர்களா? அங்கே தரை புதிது. மட்டமாக இருக்கும். போய்ப் பாருங்கள்.

சரக்கை நிராகரித்து வெள்ளிக்கிழமையே அறிக்கை கொடுத்துவிட்டேன். மெஷினை நிறுத்தியவர் என் வீட்டுக்காரர் என்பதால் கோணல் நேராகிவிடாது.

இப்படிக்கு,
பரிசோதகர், மேஜை எண் 3

பின்குறிப்பு: இங்கே மழை இல்லை. சாப்பிடுகிறீர்களா என்று உங்கள் அக்கா கேட்கச் சொன்னார்.


மார்ச் 19

அன்புள்ள பரிசோதகருக்கு,

ஐந்து மாதம் கழித்து உன் கையெழுத்து. தரப் புகாரை இப்படிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஃபிட்டர் இந்த உலகத்தில் வேறு எவனும் இருக்கமாட்டான்.

போய்ப் பார்த்தேன். இருந்தது. அதை நான் மறதியாக வைக்கவில்லை, அதுதான் கேவலம். புறப்படும்போது அந்தத் தகரத் துண்டைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, மேலே 'மூன்று, இடது' என்று எழுதி, பெட்டியில் உன் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே வந்து, பளிங்குபோல் மட்டமான தரையில், மெஷினைத் தூக்கச் சொல்லி, அதை வைத்தேன். நான்கு பேர் தூக்கினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டு நிபுணர் வைக்கிறார் என்று மரியாதையாகப் பார்த்தார்கள்.

உன் அறிக்கை வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். வேலை போய்விடும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூடப் பாதி கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனதுக்குள் விசிலடித்துக்கொண்டுதான் கட்டினேன். மேனேஜர் ஒரு குடையை விரித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கமா சாயுது. அதுக்கென்ன? காத்து மட்டும் நேராவா அடிக்குது?"

அந்த நாற்பதாயிரத்தையும் இன்னொரு நாட்டுக்கு விற்றுவிட்டார்கள். 'காற்றுச் சாய்வு மாடல்' என்று பெயர். சாதாரணக் குடையைவிட விலை கொஞ்சம் கூடுதல். நன்றாகப் போகிறதாம், மேலும் இருபதாயிரம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மேனேஜர் உத்தரவின்படி வாரத்தில் இரண்டு நாள் தகரத் துண்டை மறுபடி வைக்கிறேன். தப்பைத் தேதி குறித்துச் செய்யும் பதவிக்கு உயர்ந்திருக்கிறேன்.

இங்கே உன் வேலையைச் செய்கிறவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைக்காரி. இதற்கு முன் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வயலில் வேலை. இப்போது மாதச் சம்பளம், பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஒரு வருடம் முழுக்கப் படிக்கிறார்கள். அதை அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிற்சாலையை நீ வெறுப்பது எனக்குத் தெரியும். நானும் அவளைப் பார்க்காத நேரமெல்லாம் வெறுக்கிறேன். உன்னைப்போல் மூன்று முறை விரிக்கத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். போன மாதம் ஒரு முறை போதும் என்று மேலிடத்து உத்தரவு. "அப்போ மத்த ரெண்டு தடவை யார் விரிச்சுப் பாப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள். மழையில் நனைகிறவர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மே 31-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். போன முறை கேட்காமல் போட்டேன். இந்த முறை கேட்கிறேன். நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போடமாட்டேன்.

உன் ஃபிட்டர்

சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல். கேட்டது அக்காதான் என்று நம்பிவிட்டேன் என்றும் சொல்.


ஏப்ரல் 6

ஃபிட்டருக்கு,

நான் எதற்குச் சொல்ல வேண்டும்? போகும்போது போ என்று சொன்னேனா, வரும்போது வா என்று சொல்ல? உங்கள் காலில் நடந்து போனீர்கள். அதே கால் திரும்பி நடக்காதா?

சரி. ஊர்ச் செய்தி கேளுங்கள்.

துணி வெட்டும் கட்டிங் அண்ணன் பார்சல் வண்டி ஓட்டுகிறார். வீடு வீடாக வெளிநாட்டுச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நல்ல வருமானம். "நம்ம சோத்துல மண்ணப் போட்டவன் சாமானத்த நானே தூக்கிட்டுப் போய்க் குடுக்குறேன் பாரு" என்று சிரிக்கிறார், ஆனால் புதுச் சட்டை போட்டிருக்கிறார். பிடி பொருத்தும் பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒருவரும் எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்போல டிபன் பாக்ஸோடு கிளம்பி, பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு வீடு திரும்புகிறார். அவர் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் தினம் டிபன் கட்டுகிறாள். அவரைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

உங்கள் அக்கா மூன்று குடை வாங்கியிருக்கிறார், புடவைக்கு ஒன்றாக.

"அக்கா, எங்க வேலைய முழுங்கின குடை இது."

"தெரியும்டி. ஆனா பாதி வெலைல்ல? நீயே சொல்லு, முன்ன ஒரே குடைய வெச்சுக்கிட்டு நானும் அவரும் மழையில என்ன சண்டை போட்டோம்! இப்ப ஆளுக்கொன்னு. அவர் பாட்டுக்கு முன்னாடி போறார், நான் பாட்டுக்குப் பின்னாடி போறேன். நிம்மதி."

அந்த நிம்மதியை உங்கள் அக்கா என்னிடம் வந்து சொன்னார். உங்களுக்கும் எனக்கும் ஆளுக்கொரு நாடே இருக்கிறது.

இன்னொரு விஷயம். சரக்கு இங்கே வந்தபிறகு நிராகரிப்பதால் செலவாகிறதாம். அதனால் கப்பலில் ஏற்றுமுன் அங்கேயே வந்து பரிசோதிக்க ஓர் ஆளை அனுப்பப் போகிறார்கள். கோணல் குடையைக் கண்டுபிடித்தவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மே 18 முதல் 27 வரை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். புகைப்படத்தில் திருடிபோல் இருக்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உங்களைப் பார்க்க வரவில்லை, குடையைப் பார்க்க வருகிறேன். போகிற வழியில் நீங்கள் நின்றால் பார்ப்பேன்.

செக்கர்


ஏப்ரல் 20

என் செக்கரம்மாவுக்கு,

வழியில் நிற்கிறேன். இப்போதே போய் நின்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

எட்டுப் பேர் அறையில் உன்னை எப்படித் தங்கவைப்பது? அதனால் தொழிற்சாலைக்குப் பின்தெருவில், சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பத்து நாளைக்குப் பேசி முடித்துவிட்டேன். முன்பணம் கொடுத்தாயிற்று. சுவர் வெள்ளையாக இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, துணி காயப்போடக் கொடி. இன்னொரு நாற்காலி கேட்டேன். "ஒரு ஆளுக்குத்தானே?" என்றான் வீட்டுக்காரன். இல்லை, இரண்டு என்றேன். அதை இன்னும் நாலு தடவை சொல்லியிருப்பேன், அவன் கேட்கவில்லை.

தலையணை வாங்கினேன். நீ உயரமாக வைத்துக்கொள்வாய் என்று பெரியதாகப் பார்த்து வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது வழியில் எல்லோரும் பார்த்தார்கள். உனக்குப் பதில் வேலை செய்கிறவளிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். பாவம், பயந்துவிட்டாள். "மூணு தடவை விரிக்கிற அம்மாவா?" என்றாள். உன் புகழ் கடல் தாண்டிவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்பெனியில் ஒரு படிவம் கொடுப்பார்கள், எல்லாக் கம்பெனிக்கும் அதே படிவம்தான். அதில் பதினோராவது கேள்வி: பரிசோதிக்கப்படும் தொழிற்சாலையில் உங்களுக்கு உறவினர் உண்டா? இல்லை என்று எழுதிவிடு. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். போன தடவை வேறொரு கம்பெனியிலிருந்து வந்த பரிசோதகர் எங்கள் மேனேஜரின் சித்தப்பா மகன். இல்லை என்று எழுதிவிட்டு வந்து, அவர் வீட்டில்தான் தங்கினார்.

ஒரே ஒரு வார்த்தைதான். எழுதிவிட்டு வா.

ஃபிட்டர்


மே 8

என்னங்க,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். நான் வரவில்லை.

படிவம் வந்தது. பத்து கேள்விக்கு நின்றபடியே பதில் எழுதினேன். பதினோராவதை மூன்று நாள் எழுதாமல் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதுபோல இல்லை என்று எழுதுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஏழு மாதமாக நான் வாயால் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் "வீட்டுக்காரர் எப்ப வராரு?" என்று கேட்டால், "எந்த வீட்டுக்காரர்?" என்பேன். உங்கள் அக்காவிடமே சொல்லியிருக்கிறேன், எனக்கு அப்படி ஒருத்தர் இல்லை என்று. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

தாளில் எழுதப் போனால் கை வரவில்லை. பதினாறு வருடம் கோணலைக் கோணல், நேரை நேர் என்று எழுதிய கை. அதனால்தான் வரவில்லை என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். அது இல்லை. இல்லை என்று எழுதிக் கீழே என் கையெழுத்தையும் போட்டால், அப்புறம் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

'ஆம். கணவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா இத எழுதினீங்க? கட்டத்த காலியா விட்டிருந்தாக்கூட நான் கண்டுக்காம அனுப்பியிருப்பேனே!"

"காலியா இல்லையே சார்."

"நேர்மைக்கு ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இனி உங்கள அனுப்ப முடியாது." எனக்குப் பதில் வேறொருவரை அனுப்புகிறார்கள். குடையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது கறுப்பாக இருக்கும் என்பதுதான். ஆனால் உறவினர் யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பதாயிரம் குடையை நிராகரித்தேனே, அது நியாயமான அறிக்கைதான். ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தபோது நான் குடையை நினைக்கவில்லை. இதைக் காட்டி உங்களை வேலையைவிட்டுத் துரத்துவார்கள், பெட்டியோடு தெருமுனையில் வந்து இறங்குவீர்கள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு மாலை உங்கள் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன். அவர்கள் குடைக்குப் பெயர் மாற்றி விற்றுவிட்டார்கள். சட்டைகளை மறுபடி மடித்து வைத்தேன்.

இனி எனக்கு வேறு குறுக்கு வழி தெரியவில்லை. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள், இங்கே பெரியவர் நிழற்குடையில் சாப்பிடுகிறார். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் சொல்லிவிடுவேன். என் ஒருத்தியின் விஷயம் மட்டும் தெரியும். நம் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சமயம் வேலை இருந்தபோது இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது.

இங்கே உங்களுக்கு வேலை கிடைக்காது. குடை ஃபிட்டர் யாருக்கும் தேவையில்லை. ரிப்பேர் செய்யும் கூலியில் புதுக் குடையே வாங்கலாம். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.


ஜூன் 1

அன்புள்ளவளுக்கு,

உன் விரைவுத் தபால் வழக்கமான வேகத்தில் இருபதாம் தேதி வந்தது.

பதினெட்டாம் தேதி காலை லீவு போட்டு, சவரம் செய்து, தொழிற்சாலை வாசலில் நின்றேன். கார் வந்தது. கதவைத் திறந்துவிட நானே ஓடினேன். பருமனான ஒருவர் இறங்கி, பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பின்சீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன். "இன்னும் யார் வரணும்?" என்றார் டிரைவர்.

அவர் பத்து நாளும் நன்றாகச் சாப்பிட்டார். எல்லாக் குடையையும் பாஸ் செய்தார். விரிக்காமலே.

சைக்கிள் கடை மாடி அறைக்குக் கொடுத்த பணத்தை வீட்டுக்காரன் திருப்பித் தரவில்லை. அதற்காக வீணாக்க முடியுமா? பத்து நாளும் வேலை முடிந்ததும் அங்கே போனேன். ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், இன்னொன்றைக் கொஞ்சம் எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டேன். உன் கடிதத்தை அங்கே வைத்துத்தான் படித்தேன். ஏழு மாதமாக ஊரெல்லாம் எனக்கு எதிராகப் பேசிய பெண், ஒரே ஒரு படிவத்தில் எனக்குச் சாதகமாக எழுதி, அதனாலேயே என்னிடம் வராமல் போனாள் என்றால் நான் யாரிடம் போய் முறையிட? கோபம் வந்தது. படித்து முடித்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரிய தலையணையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

நேற்று முப்பத்தொன்று. மேனேஜர் தாளையும் பேனாவையும் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"வேற எங்கயாவது கூடச் சம்பளமா?"

"சம்பளமே இல்ல சார்."

"உடம்புக்கு எதாவது?"

"நல்லா இருக்கேன்."

"வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல சார். கூப்பிட்டாங்க."

அவர் தன் கணினியில் தேடினார். ஊழியர் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுக்கும் காரணங்கள் என்று அதில் பதினான்கு இருக்கின்றன. இது இல்லை. கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, "ரெண்டு வருஷம் கழிச்சும் கூப்பிடுவாங்களே" என்றார் கரிசனத்தோடு. அவர் கல்யாணமாகாதவர். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

ஒப்பந்தப்படி அக்டோபர் ஒன்றுவரை இருந்தாக வேண்டும். அதற்குள் உன் வேலையைச் செய்கிறவளுக்கு மெஷின் வேலை சொல்லித் தருகிறேன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள். நான் போனபிறகு என் வேலையை அவள் பாதிச் சம்பளத்தில் செய்வாள், அது அவளுக்கு இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்கு. அவளுக்குச் சந்தோஷம், கம்பெனிக்கும் சந்தோஷம். எனக்கும் வருத்தம் என்று சொல்லிவிட முடியவில்லை.

வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. பெரியவரோடு நிழற்குடையில் உட்காரலாம், நீ டிபன் கட்டுவதாக இருந்தால். கட்டிங் அண்ணனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் காலையில் உன்னை வேலைக்கு அனுப்பிவிட்டு மாலைவரை உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த வேலையில் எனக்கு இப்போது எட்டு மாத அனுபவம் இருக்கிறது.

இன்னும் நூற்றிருபத்து மூன்று நாள். அக்டோபர் இரண்டு மாலை ஆறு மணிக்கு விமான நிலையத்தில் வந்து இறங்குவேன். அவ்வளவு தூரம் நீ அலைய வேண்டாம், நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வா.